கால் மணி பிந்திய கடல்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் டேபிளம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எப்போது வற்றும், முகத்துவாரத்தில் ஓடும் தண்ணீர் எந்த நேரத்தில் இழுப்பை விட்டுச் சற்று நிற்கும் என்று அடுத்த வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடிக்கிற சின்னப் புத்தகத்துக்குத் துறைமுக வழக்கில் டேபிள் என்று பெயர். பத்தொன்பது வருஷமாக அந்தக் கணக்கைப் போடுகிறவள் அவள். புத்தகத்தின் அட்டையில் ‘கணக்கிட்டவர்’ என்ற வார்த்தைக்குக் கீழே அவளுடைய சொந்தப் பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு தப்பு இருந்தது. பத்தொன்பது வருஷமும் ஒரே தப்பு. அதிலிருந்த நேரமெல்லாம் கால் மணி பிந்தியிருந்தது. ஏழு மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று டேபிள் சொன்னால் அது ஆறே முக்காலுக்கே நின்றுவிடும். படகோட்டுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். கால் மணியைக் கழித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். தெரியாத ஒரே ஆள் டேபிளம்மாதான். தப்பு எப்படி வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன். செய்தவரே அவர்தான் என்பதால், அதைத் தெரிந்துகொள்ள அவருக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

அவர் லாஞ்ச் என்கிற மோட்டார் படகை ஓட்டுகிறவர். முகத்துவாரத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முப்பது பேரை ஏற்றிப் போய் வருவார். அரை கிலோமீட்டர் அகலம்கூட இராது. ஆனால் கடல் ஏறும்போது உள்ளே பாய்கிற தண்ணீரும், வற்றும்போது வெளியே பாய்கிற தண்ணீரும் அந்த இடுக்கில் படகைப் புரட்டிப் பார்க்கும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன், எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பதுபோலத் தண்ணீர் ஓர் இருபது நிமிடம் நிற்கும். லாஞ்ச் கடப்பது அந்த இருபது நிமிடத்தில்தான். நேரம் தினம் மாறும். இன்று ஆறரை என்றால் நாளை ஏழே கால். முதல் நாள் சாயங்காலமே மறுநாள் நேரத்தைப் படித்துறை போர்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார். டேபிள் இல்லாத அந்தக் காலத்தில் கண்ணும் அனுபவமும்தான் கணக்கு.

கல்யாணமான புதிதில் அவர்கள் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் குடியிருந்தார்கள். அவள் அப்போதுதான் துறைமுக அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். அவளிடம் எல்லா நல்ல குணமும் இருந்தது, நேரத்துக்குக் கிளம்புகிற குணத்தைத் தவிர. மூன்று நாளுக்கு ஒரு நாள், கயிற்றை அவிழ்த்து லாஞ்ச் இரண்டு ஆள் நீளம் விலகின பிறகு படித்துறையின் மேல்படியில் வந்து நிற்பாள். அவர் நிறுத்த முடியாது. அவர் பெண்டாட்டி வருகிறாள் என்பதற்காகத் தண்ணீர் இன்னும் அஞ்சு நிமிடம் நிற்குமா? முப்பது பேர் பார்த்திருக்க, சொந்தப் பெண்டாட்டியைக் கரையில் விட்டுவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். எஞ்சின் பார்க்கிறவருக்கு டீசல் என்று பெயர். அவர் கீழேயிருந்து எட்டிப் பார்த்து, ‘இன்னைக்கு வீட்டுல சாப்பாடு உண்டா, வெளியிலயா?’ என்பார்.

அதுகூடப் பரவாயில்லை. நாலு மாத வயிற்றோடு, பாசி பிடித்த படிகளில் அவள் ஓடி வர ஆரம்பித்தபோதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. ஓடாதே என்று சொல்லிப் பார்த்தார். ‘ஓடாம வந்தா விட்டுட்டுப் போறீங்களே’ என்றாள்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். அவள் அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தை அவள் குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பாள். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தொடங்கி, தினம் ஒரு நிமிடம் முள்ளை முன்னே தள்ளினார். ஒரேயடியாகத் தள்ளினால் கண்டுபிடித்துவிடுவாள். பதினைந்து நாளில் பதினைந்து நிமிடம். வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் அதே வைத்தியம். அதன் பிறகு அவள் ஒரு நாளும் ஓடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மகாராணி மாதிரி இறங்கி வந்தாள். அதைப் பார்த்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது.

ஒரு நாள் கேட்டாள். ‘போர்டுல ஆறரைன்னு எழுதறீங்க, ஆறே முக்காலுக்குக் கிளப்பறீங்க. ஏங்க?’

‘போர்டுல இருக்கறது ஆளுங்களுக்கு. தண்ணிக்கு வேற நேரம்’ என்றார்.

ஒரு பொய் தனியாக நிற்காது, துணைக்கு இன்னொன்று கேட்கும் என்று அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அலுவலகக் கடிகாரம் மந்தமாக ஓடுகிறது என்று அவள் புகார் சொல்ல, அங்கிருந்த பெரியவர் அவள் கையைப் பார்த்து அதையும் திருப்பி வைத்தார். கைபேசி யார் கையிலும் இல்லாத காலம். அப்பா கொடுத்த கடிகாரத்தைவிட இந்த உலகத்தில் வேறெதையும் அவள் நம்பவில்லை.

அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அதே வாரம்தான் துறைமுகச் சுவரோரம் கடல் மட்டத்தைப் பதிகிற கருவியை வைத்தார்கள். கடலுக்குள் இறங்கும் ஒரு குழாய், அதற்குள் மிதவை, மிதவையோடு ஏறி இறங்கும் பேனா, சுற்றுகிற உருளையில் கட்டம் போட்ட தாள். வாரத்துக்கு ஒரு தாள். திங்கட்கிழமைதோறும் தாளை மாற்றி, நேரம் பார்த்து உருளையை வைப்பது அவள் பொறுப்பு. அவள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு வருஷத் தாள்கள்தான் டேபிளுக்கு அடித்தளம். நிலா ஒரு பக்கம் இழுக்கிறது, சூரியன் ஒரு பக்கம் இழுக்கிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் தனி வேகம். இந்தத் துறைக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு உயரத்தோடு, எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்று ஒரு வருஷப் பதிவிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் போதும், பிறகு எந்த வருஷத்துக்கும் அவற்றைக் கூட்டிக் கடலைச் சொல்லிவிடலாம். அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கால்குலேட்டரை வைத்துக் கையால் பிரித்தெடுக்க இன்னொரு வருஷம் ஆனது. முடிந்த கையோடு துறைமுகப் பக்கமே வீடு பார்த்துக் குடி வந்தார்கள். முதல் டேபிள் அச்சாகி வந்தது.

முதல் வாரத்திலேயே டீசல் சொன்னார். ‘டேபிள் கால் மணி லேட்டுப்பா.’ கால் மணி என்ற வார்த்தையைக் கேட்டதும் லாஞ்சுக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வீட்டுக்குப் போனார். அவள் அந்தப் புத்தகத்தைத் தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? மறுநாள் படகுக்காரர்களைக் கூட்டி, ‘கருவி துறைமுகத்துக்குள்ள இருக்கு, தண்ணி அங்க போய்ச் சேரக் கால் மணி ஆகும். நாம கால் மணி கழிச்சுக்குவோம். என் பெண்டாட்டிகிட்ட போய் யாரும் சொல்லி மனச நோகடிக்காதீங்க’ என்றார். அவர்களுக்கும் அவளைப் பிடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் கால் மணி கழிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

மகள் பெரியவளாகி வெளியூரில் புள்ளியியல் படிக்கப் போனாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவின் மடிக்கணினியில் ஒரு புள்ளியியல் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். ‘நீ ஒரு வருஷம் கையால போட்ட கணக்க இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போடும்மா.’ டேபிளம்மாவுக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் பார்த்தால், சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, தட்டிய கட்டளையில் மூட மறந்த ஓர் அடைப்புக்குறியைத் தேடி, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த மேசையில்தான் இருப்பாள். திரையில் தப்பு என்று சிவப்பு எழுத்து வந்தால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. கணக்கு சரியாகிக் கோடு வந்துவிட்டால் டீ கிடைக்கும்.

துறைமுகமும் புதிய கருவி ஒன்றை வாங்கியிருந்தது. அதற்குப் பேனாவும் இல்லை, தாளும் இல்லை. செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு வருஷப் பதிவு சேர்ந்ததும், பழைய வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. அதற்குப் பழைய தாள்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். மணிக்கு ஓர் எண், வருஷத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது. அவள் தட்ட, லாஞ்சுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ‘ஒண்ணு நாப்பத்திரெண்டு. ஒண்ணு அறுபது. ஒண்ணு எழுபத்தொண்ணு.’ இரண்டு மாதம் படித்தார். பாதி படித்த பிறகுதான், தன்மேல் வரப்போகிற குற்றப்பத்திரிகையைத் தானே வாசித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கண் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். சொட்டு மருந்து போட்டுவிட்டு, ‘ம், படிங்க’ என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

‘இங்க பாருங்க. நீலக் கோடு இந்த வருஷம் நெசமா வந்த தண்ணி. சிவப்பு என் பழைய கணக்கு.’

‘நல்லாத்தான இருக்கு? ஒட்டிக்கிட்டுதான போகுது.’

‘ஒட்டல. கால் மணி பிந்துது.’

லாஞ்சுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘முகத்துவாரத்துல மண்ணு தோண்டினாங்களே. அதனால மாறியிருக்கும்.’

‘நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். கடல் மாறினா நிலாவோட இழுப்பு ஒரு மாதிரி மாறும், சூரியனோடது ஒரு மாதிரி மாறும். இங்க எதை எடுத்தாலும் அதே கால் மணி. அப்படின்னா கடல் நகரலீங்க. கடிகாரம் நகர்ந்திருக்கு.’

‘டீ ஆறுது’ என்றார் அவர்.

அவள் டீயைத் தொடவில்லை. பழைய வருஷத்தை வாரம் வாரமாகத் தனியே எடுத்துப் பார்த்தாள். முதல் சில வாரம் சரியாகப் பிடிபடவில்லை. புது மெஷின் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவற்றை வெட்டி ஒதுக்கினாள். மற்ற வாரமெல்லாம் பதினைந்து நிமிடம், பதினைந்து நிமிடம், பதினைந்து நிமிடம்.

‘ஏங்க, அந்த வருஷம் நான் கட்டியிருந்தேனே அப்பாவோட வாட்ச். அந்த வருஷம் முடிஞ்ச கையோட மெஷின் குழாய்க்குள்ள விழுந்துச்சே, அந்த வாட்ச். அது சரியாத்தான ஓடிச்சு?’

ஒரு மனிதனுக்குக் கதவைத் திறந்து வைத்து வா என்று கூப்பிடுவது இதைவிடத் தெளிவாக நடக்காது. நம்மாள் என்ன சொன்னார் தெரியுமா?

‘அருமையா ஓடிச்சே’ என்றார்.

அவள் தலையாட்டினாள். ‘ஆமா. வேகமா ஓடற வாட்சா இருந்தா வாரத்துக்கு வாரம் கூடிக்கிட்டே போயிருக்கும். இது அசையாம அப்படியே நிக்குது.’ பழைய தாள் ஒன்றை விரித்து, விரலை வைத்துக் காட்டினாள். தாளில் ஒரு சின்னக் கட்டம் என்றால் பதினைந்து நிமிடம். ‘பேனாவ ஒரு கட்டம் தள்ளி வெச்சிருக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷம் பூரா. அம்பது தடவை பார்த்தும் கண்ணுக்குத் தெரியல பாருங்க.’

அதன் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. அவள் அழவில்லை, கோபப்படவில்லை. தன்னை நம்புவதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். அடுப்பை அணைத்தோமா என்று அலுவலகத்திலிருந்து போன் செய்தாள். மகள் பிறந்த தேதியை ஒரு படிவத்தில் எழுதும்போது, ‘சரிதானே?’ என்று அவரிடம் கேட்டாள். பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? புதன்கிழமை ஒரு கடிதம் எழுதினாள். டேபிள் பத்தொன்பது வருஷமாகக் கால் மணி பிந்தியிருக்கிறது, காரணம் என் கவனக்குறைவு, அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு இந்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. அதையும் அவரிடம் கொடுத்து, எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை மூன்று தடவை வாயைத் திறந்தார். ஒரு தடவை மழை வரும்போல இருக்கிறது என்று முடித்தார். இன்னொரு தடவை அவளுடைய செருப்பு தேய்ந்துவிட்டது என்றார். மூன்றாவது தடவை வெறும் கொட்டாவியாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை டீசலிடம் எல்லாவற்றையும் கொட்டினார். டீசலுக்கும் அதுவரை கடிகார விவகாரம் தெரியாது. எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. டீசல் சிரிக்காமல் இருப்பதை லாஞ்சுக்காரர் அன்றுதான் முதல்தடவை பார்த்தார்.

‘தப்பு பண்ணினது நீ. பேர எடுக்கச் சொல்றது அது’ என்றார் டீசல். ‘இங்க நின்னுக்கிட்டு என்கிட்ட என்ன பேச்சு?’

மத்தியான லாஞ்ச் கரை சேர்ந்ததும் அவர் நேராக அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி அறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடிதம் மேசைமேல் விரிந்து கிடந்தது. அதிகாரி சின்ன வயசுக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

‘ஐயா, அந்த லெட்டர்ல ஒரு தப்பு இருக்கு’ என்றார் லாஞ்சுக்காரர்.

‘டேபிள்ல தப்பு இருக்குன்னுதான லெட்டரே?’

‘லெட்டர்லயும் இருக்குங்க. கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. அதெல்லாம் இல்ல. இவ மெஷின சரியாத்தான் வெச்சிருக்கா. வாட்ச்தான் தப்பு. வாட்ச நான்தான் திருப்பி வெச்சேன்.’

பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். படித்துறை, பாசி, நாலு மாத வயிறு, குளிக்கப் போகிற நேரம், ஒரு நாளைக்கு ஒரு நிமிடம். டேபிளம்மா அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அவர் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

‘எந்தக் கிழமை ஆரம்பிச்சீங்க?’

‘திங்கக்கிழமை. மெஷினுக்கு மொதல் தாள் மாட்டினேன்னு வந்து சொன்னியே, அன்னைக்குச் சாயங்காலம்.’

அவள் தன் மேசைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். வெட்டி ஒதுக்கியிருந்த முதல் வாரங்களைத் திரும்பச் சேர்த்து, வாரம் வாரமாக ஓட்டினாள். திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரம் ஏழு. மூன்றாம் வாரம் பதினாலு. நாலாம் வாரம் பதினைந்து. அதற்குப் பிறகு எல்லாமே பதினைந்து.

அவர் ஒரு நாள்கூடத் தவறாமல் நிமிடம் நிமிடமாகத் தள்ளியிருக்கிறார் என்பதற்கு அந்தக் கடலே சாட்சி சொல்லிவிட்டது. அதிகாரி திரையையும் லாஞ்சுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

‘சரி, பத்தொம்பது வருஷமா டேபிள் தப்பா இருந்தும் ஒரு புகார்கூட ஃபைல்ல இல்லையே, அது எப்படி?’ என்று கேட்டார் அவர்.

லாஞ்சுக்காரர் தலையைச் சொறிந்தார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ‘நாங்க கழிச்சுக்குவோங்க.’

‘நாங்கன்னா?’ என்றாள் அவள். குரல் இப்போதுதான் உயர்ந்தது. ‘யார் யாரு?’

‘லாஞ்ச், இழுவைப் படகு, மீன் படகு எல்லாரும்தான். யாரும் தப்பா நெனைக்கல. கழிச்சுட்டா உன் டேபிள் ஒரு நாள்கூட ஏமாத்தினதில்ல. புயல் மழையிலயும் அத நம்பித்தான் போனோம்.’

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேர், எத்தனை காலையில், அவள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க் கால் மணி கழித்திருக்கிறார்கள். கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று அவள் முகத்திலிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதிகாரி கடிதத்தைக் கொண்டுவந்து மடித்து அவள் கையில் கொடுத்தார். ‘இது என்கிட்ட வரவே இல்லம்மா. ஆனா புது டேபிள் சரியா வந்தா, இவங்க பழக்கத்துல கால் மணியக் கழிச்சுட்டு, ஓடற தண்ணியில போய் விழுவாங்க. அட்டையில பெரிசாப் போடணும்.’

‘அட்டையில நான் போடறேன்’ என்றாள் அவள். ‘ஒவ்வொரு படகா ஏறி வாயால சொல்ல வேண்டியது இவர். காரணத்தோட.’

அது தண்டனை என்று லாஞ்சுக்காரருக்குப் புரிந்தது. சந்தோஷமாகத் தலையாட்டினார்.

நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார்கள். துறைமுகச் சுவரோரமாக அவள் முன்னால் நடந்தாள், அவர் நாலடி பின்னால். கயிறு உலர்த்துகிற மேடை வந்ததும் நின்றாள்.

‘எனக்குப் பெருமையா இருந்துச்சு, தெரியுமா?’ என்றாள். ‘அந்த வருஷம் ஒரு நாள்கூட நான் லாஞ்சத் தவற விடல. வயித்துல புள்ள வந்ததும் பொறுப்பு வந்துடுச்சு, மாறிட்டேன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் இந்த டேபிள் வேலைய வாய் விட்டுக் கேட்டேன். கடைசியில பார்த்தா நான் மாறவே இல்ல. வாட்சுதான் மாறியிருக்கு.’

கடிகாரத்தைத் திருப்பியதுதான் தப்பு, டேபிள் தப்பானதுதான் தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தார் அவர். அவளிடமிருந்து எதை எடுத்துவிட்டோம் என்று இப்போதுதான் தெரிந்தது. வழியிலேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது.

‘இரு இரு. அந்த வாட்ச் குழாயில விழுந்துச்சில்ல? அப்புறம் புதுசு வாங்கினே. வீட்டுக் கடிகாரத்தையும் அன்னைக்கே நான் சரியா வெச்சுட்டேன். உங்க ஆபீஸ் கடிகாரத்தையும் பெரியவர் உன் புது வாட்சப் பாத்துத் திருப்பினாரே. அதுக்கப்புறமும் இந்தப் பக்கம் குடி வர்ற வரைக்கும் ஒரு வருஷம் என் லாஞ்ச்லதான வந்தே? கைக்குழந்தையோட. ஒரு நாளாவது பிந்தினியா?’

அவள் யோசித்தாள். ‘இல்ல.’

‘புது வாட்ச்ல நான் கையே வெக்கல.’

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ‘உங்க வார்த்தைய நம்பி?’

‘நம்ப வேணாம். அந்த வருஷத்துத் தாளும் கெடக்குமே. அதெல்லாம் புது வாட்சப் பாத்துத்தான மாட்டினே.’

கிடந்தது. கருவி இருந்த சின்ன அறையின் அலமாரியில், கணக்குக்குத் தேவைப்படாமல் சுருட்டி வைத்த இரண்டாம் வருஷத் தாள்கள் அப்படியே இருந்தன. அவர் கையை நீட்டியதும் தட்டிவிட்டாள். ‘நீங்க எடுக்க வேணாம்.’ தானே கண்ணை மூடிக்கொண்டு மூன்று வாரத் தாள்களை உருவினாள். தூசியைத் தட்டி, அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், மடிக்கணினியைத் திறந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ‘ஒண்ணு பதினெட்டு. ஒண்ணு முப்பத்தஞ்சு. ஒண்ணு அம்பது.’ ஐந்நூற்று நாலு எண்கள். ஓர் இடத்தில் மை பரவியிருந்ததால் ஏழா ஒன்றா என்று இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். வெளியே சாயங்கால லாஞ்சைப் பதிலாள் ஒருவர் ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

கடைசி எண்ணைத் தட்டினாள். அடைப்புக்குறியை மூடினாள். விரலை உடனே அழுத்தாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் லாஞ்சுக்காரர், தான் சொன்னது உண்மைதானா என்று தனக்கே சந்தேகம் வந்து வேர்த்துப்போனார்.

அழுத்தினாள். திரையில் மூன்று எண்கள் வந்தன.

‘பூஜ்யம்’ என்று படித்தாள். ‘ஒண்ணு. பூஜ்யம்.’

‘அந்த ஒண்ணு நான் இல்ல’ என்றார் அவர் அவசரமாக.

அவள் சிரிக்கவில்லை. மூன்று எண்களையும் இன்னொரு தடவை பார்த்தாள். கையால் வாயை மூடிக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது.

‘அப்ப நானாத்தான் வந்திருக்கேன்’ என்றாள்.